நெசத்துல சாரின் கை

எனக்குத் துப்பாக்கி என்றாலே ஆகாது. தீபாவளிக்குப் பொட்டு வெடி வைத்துச் சுடுவார்களே, அதைக்கூட நான் கையில் வாங்கியதில்லை. ஆனாலும் பாருங்கள், படித்த படிப்புக்குக் கிடைத்த வேலை செல்போன் விளையாட்டில் துப்பாக்கியைச் சுட வைப்பது. திருச்சி மன்னார்புரத்தில் ஒரு பல் டாக்டரின் கிளினிக்குக்கு மேலே, மூன்றாவது மாடியில் எங்கள் ஆபீஸ். கீழே ஒருவர் பல்லைப் பிடுங்குவார், மேலே ஒருவர் என் உசிரை எடுப்பார். மேலே இருந்தவரைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

அவர் பெயர் வேண்டாம். ஆபீஸிலும் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. முன்னால் சார், பின்னால் 'நெசத்துல சார்'. எதைக் காட்டினாலும் தலையைக் கொஞ்சம் சாய்த்துப் பார்த்துவிட்டு, "நெசத்துல அப்படி இல்லைங்களே" என்பார். காலண்டரில் ராஜகோபுரத்துக்குப் பின்னால் நீலமாக ஒரு மலை வரைந்திருந்தார்கள். "நான் ஸ்ரீரங்கத்துலதான் குடியிருக்கேன். நெசத்துல அங்க எந்த மலைங்க இருக்கு?" என்று காலண்டரைக் கழற்றித் திருப்பி மாட்டினார். எங்கள் ஆபீஸில் கணக்குப் பார்க்கும் அக்கா, மகளின் கல்யாண ஆல்பத்தை ஆசையாகக் கொண்டுவந்து காட்டினார். "பொண்ணு நெசத்துல இவ்வளவு செவப்பு இல்லையேம்மா" என்றார். அந்த அக்கா ரொம்ப நாள் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

திட்டலாம் என்றால் மனசும் வராது. என் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நடந்தபோது ஆபீஸிலிருந்து வந்து நின்ற ஒரே ஆள் அவர்தான். எல்லோரும் அம்மாவிடம், ஒன்றும் தெரியாது, எறும்பு கடித்த மாதிரிகூட இருக்காது என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். இவர் வந்தார். "நெசத்துல கொஞ்சம் உறுத்தும்மா. ராத்திரி தூக்கம் வராது. அப்புறம் சரியாயிடும்" என்றார். எனக்குப் பகீரென்றது. அம்மாவோ, "இவர் ஒருத்தர்தான்டி பொய் சொல்லலை" என்று வீட்டுக்கு வந்தும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

சார் காலேஜில் என்.சி.சி.யில் இருந்தவர். அந்த நாளில் முகாம் முகாமாகப் போய்த் துப்பாக்கி சுட்டுப் பரிசு வாங்கியிருக்கிறார். அப்புறம் அனிமேஷன் சொல்லிக்கொடுக்கும் வாத்தியாராக இருந்தார். துப்பாக்கியும் தெரியும், கம்ப்யூட்டரும் தெரியும் என்றுதான் எங்கள் முதலாளி அவரைக் கூட்டிவந்தார். முதலாளிக்கு மண்ணச்சநல்லூரில் அரிசி ஆலைக் குடும்பம். அப்பாவோடு மல்லுக்கட்டி இந்தக் கம்பெனியை ஆரம்பித்தவர். அவரை நாங்கள் மில்லுக்காரர் என்போம். அரிசியில் ரெண்டு மணியை வாயில் போட்டுக் கடித்துப் பார்க்கிற மாதிரி, விளையாட்டைக் கொஞ்ச நேரம் ஆடிப் பார்த்துவிட்டு, "வேகலை" என்று போனைக் கவிழ்த்து வைப்பார். அவ்வளவுதான் அவருடைய விமரிசனம்.

சண்டை எதற்கு என்று சொல்லிவிடுகிறேன். போன் விளையாட்டில் துப்பாக்கியைக் கண்ணுக்கு நேராகத் தூக்கினால் திரை நடுவில் ஒரு சிவப்புப் புள்ளி தெரியும். புள்ளி எங்கே நிற்கிறதோ அங்கே குண்டு பாயும். நிறைய விளையாட்டுகளில் அந்தப் புள்ளி சிமென்ட் போட்டுப் பூசியதுபோல் அசையாமல் நிற்கும். அது போதாதென்று, எதிரிக்குப் பக்கத்தில் கொண்டுபோனாலே புள்ளி தானாக நகர்ந்து அவன் மேல் போய் உட்கார்ந்துகொள்ளும். அது கம்ப்யூட்டர் செய்கிற உபகாரம். விளையாடுகிறவன் தன் கைத்திறமை என்று நினைத்துக் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்வான்.

சாருக்கு இது அடியோடு ஆகாது. "என்னம்மா இது, நாயுருவி வேட்டியில ஒட்டற மாதிரி போய் ஒட்டுது? நெசத்துல துப்பாக்கிக்கு எடை இருக்கு. கை ஆடும். மூச்சு விட்டா ஏறி இறங்கும். அந்த ஆட்டத்தை அடக்கி அடிக்கிறதுக்குப் பேருதான் சுடறது" என்பார்.

"இது விளையாட்டு சார். பஸ்ல உக்காந்து விளையாடறாங்க. பஸ்ஸும் ஆடும், துப்பாக்கியும் ஆடினா அவன் என்ன பண்ணுவான்?"

"இறங்கி விளையாடட்டும்."

இப்படிப்பட்ட ஆளோடு என்னத்தைப் பேச? மனசுக்குள் தலையில் அடித்துக்கொண்டு போய் உட்காருவேன்.

ஸ்ரீரங்கத்தில் கட்டில் பெஞ்சு செய்கிற ஆசாரி ஒருவரிடம் சொல்லி, கட்டையில் ஒரு துப்பாக்கி செய்து வாங்கினார். நிஜத் துப்பாக்கியின் எடை வர வேண்டும் என்று உள்ளே இரும்புத் துண்டு வைக்கச் சொல்லியிருந்தார். அதைக் கோரைப்பாயில் சுருட்டி, ஒன்னாம் நம்பர் பஸ்ஸில் காவிரிப் பாலம் தாண்டி மடியில் வைத்துக்கொண்டு வந்தார். யாராவது பாயைப் பிரிக்கச் சொன்னால் என்ன சொல்லியிருப்பார் என்று கேட்டேன். "கட்டைன்னு சொல்லியிருப்பேன். நெசம்தானே?" என்றார்.

அந்தக் கட்டையின் குழல் மேல் ஒரு போனைக் கட்டினோம். கை எப்படி அசைகிறதோ அதைப் போன் அப்படியே பதிந்துகொள்ளும். சார் தூக்கிப் பிடித்து நின்றார். அந்த அசைவை எடுத்து நான் விளையாட்டில் சிவப்புப் புள்ளிக்குக் கொடுத்தேன். இனிமேல் விளையாட்டில் யார் துப்பாக்கி தூக்கினாலும் புள்ளி சாரின் கை ஆடியபடி ஆடும். "இது கம்ப்யூட்டர் போட்ட ஆட்டம் இல்லைம்மா, மனுஷன் கை" என்று எல்லோரையும் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் காட்டினார். அவர் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை.

பிரியாணி வாங்கித் தருகிறோம் என்று கல்லூரிப் பிள்ளைகளைக் கூப்பிட்டு விளையாட வைத்தோம். பிரியாணி தீர்ந்தது. விளையாட்டை ஒருத்தரும் முடிக்கவில்லை. "அக்கா, புள்ளி என்னக்கா சாமி வந்த மாதிரி ஆடுது?" என்று ஒரு பெண் கேட்டாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சாருக்கு வரவில்லை. "பழகணும்மா, பழகினா வரும்" என்று அவளுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டார். அவள் பயந்து இன்னும் மோசமாகச் சுட்டாள்.

அன்றிலிருந்து என் பாடு திண்டாட்டம். காலையில் மில்லுக்காரர் வந்து, "ஆட்டத்தைக் குறைங்க" என்பார். குறைப்பேன். சாயந்திரம் சார் வந்து, "யாரும்மா என் கையைக் கட்டிப் போட்டது?" என்பார். ஏற்றுவேன். எது சரி என்று எனக்கே மறந்து போய்விட்டது. வீட்டுக்குப் போகக் காட்டூர் பஸ் ஏறி உட்கார்ந்தால் கண்ணை மூடினாலும் அந்தச் சிவப்புப் புள்ளி ஆடிக்கொண்டிருக்கும்.

இந்த நேரத்தில்தான் சென்னைக் கம்பெனி ஒன்றிலிருந்து ஆள் வந்து பார்ப்பதாகச் சொன்னார்கள். அவர்களுக்குப் பிடித்தால் விளையாட்டு வெளியே வரும். பிடிக்காவிட்டால் மில்லுக்காரர் அப்பாவிடம் திரும்பிப் போய்த் தவிடு அளக்க வேண்டியதுதான். நாங்கள் எல்லோரும் வீட்டுக்கு. எனக்குத் திருச்சியில் இந்த வேலை வேறு எங்கும் கிடைக்காது, அம்மாவைத் தனியே விட்டுவிட்டு வெளியூர் போகவும் முடியாது. மில்லுக்காரர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "அவங்க வர்ற அன்னிக்கும் புள்ளி ஆடுச்சுன்னா, இந்த ஆபீஸ்ல ஒண்ணு அவர் இருக்கணும், இல்ல நான் இருக்கணும். நீங்களே அவர்கிட்ட சொல்லிடுங்க."

நான் சொன்னேன். சார் கோபப்படவில்லை. "வேலை போனா போகுதும்மா. பொய்யான கையை என்னால வைக்க முடியாது" என்றார். அவர் அதை நாடகமாகச் சொல்லவில்லை. சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டே சொன்னார்.

அவரிடம் வேறு சில பழக்கங்களும் இருந்தன. டீ வந்தால், "அரை டம்ளர் போதும்" என்பார். அரையும் குடித்து முடித்த பிறகு இன்னொரு அரை வாங்கிக்கொள்வார். "முழுசா வாங்கித் தொலைங்களேன் சார்" என்று அக்கா ஒரு நாள் கடுப்படித்தார். "நெசத்துல முழு டம்ளர் டீயை யாரும்மா சிந்தாம குடிக்கிறாங்க?" என்றார் சார். போர்டில் எழுத வேண்டும் என்றால் சாக்பீஸை என்னிடம் கொடுத்துவிடுவார். ஒரு முறை பேங்கில் அவருடைய கையெழுத்து பழைய கையெழுத்தோடு ஒத்துப்போகவில்லை என்று மறுபடி மறுபடி போடச் சொல்லியிருக்கிறார்கள். அங்கேயும் நின்று நியாயம் பேசிவிட்டு வந்தார். "எந்த மனுஷன் கையெழுத்தும்மா நெசத்துல ரெண்டு தடவை ஒரே மாதிரி இருக்கும்? அப்படி இருந்தாத்தான் சந்தேகப்படணும்." நாங்கள் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். பேச்சு என்னவோ நியாயமாகத்தான் இருந்தது.

படிக்கட்டு விஷயத்தையும் சொல்ல வேண்டும். ஓடி வந்து நிற்பவன் கை எப்படி ஆடும் என்று பார்க்க, என்னைக் கட்டைத் துப்பாக்கியோடு கீழேயிருந்து மேலே ஓடி வரச் சொன்னார். "நான் ஏன் சார்?" என்றால், "நான் ஓடினா நெஞ்சு வலிக்கும், நெசத்தைச் சொல்றேன்" என்றார். ஓடினேன். கிளினிக் வாசலில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர், சுடிதாரில் ஒரு பெண் துப்பாக்கியோடு பாய்வதைப் பார்த்து எழுந்து ரோட்டுக்கே போய்விட்டார். பல் டாக்டர் மேலே வந்து சத்தம் போட்டார். நான் மூச்சு வாங்கிக்கொண்டே கட்டையைத் தூக்கிப் பிடித்தேன். சார் என் கையாட்டத்தைத் திரையில் பார்த்தார். அப்படியே அவருடைய கையாட்டம் போலவே இருந்தது. "பாத்தியா, உன் கையும் இதே ஆட்டம்தானே ஆடுது. மனுஷங்கன்னா அப்படித்தாம்மா" என்றார். நான் மூன்று மாடி ஓடி வந்தவள், அவர் சும்மா நின்றவர் என்பது எனக்கும் தோன்றவில்லை, அவருக்கும் தோன்றவில்லை.

சென்னையிலிருந்து ஒரு அம்மாள் வந்தார். கறார் ஆசாமி என்று பார்த்ததுமே தெரிந்தது. மில்லுக்காரர் கும்பிட்டு உட்கார வைத்தார். அன்று காலைகூட அவர் என்னிடம் ஆட்டத்தைக் குறைக்கச் சொன்னார்தான். குறைத்தேன். சார் வந்து நின்று பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை, சும்மா நின்றார். நான் மறுபடி ஏற்றிவிட்டேன். ஏன் ஏற்றினேன் என்று கேட்காதீர்கள், அலுத்துப் போயிருந்தது.

அந்த அம்மாள் போனை வாங்கி விளையாடினார். கொஞ்ச நேரத்தில் நிமிர்ந்து, "இந்த ஹீரோவுக்கு ஏதாவது உடம்புக்கு முடியலையா? கதையில அப்படி வருதா?" என்று கேட்டார். கிண்டல் இல்லை, நிஜமாகவே சந்தேகமாகத்தான் கேட்டார்.

மில்லுக்காரர் முகம் செத்துப்போயிற்று. சார் எழுந்தார். "மேடம், அது உடம்பு முடியாதவன் கை இல்லைங்க. மனுஷன் கை. நீங்க எல்லாம் விளையாட்டுல பாத்துப் பாத்து நெசம் மறந்துட்டீங்க. இருங்க, காட்டறேன்" என்றார். மூலையில் இருந்த கோரைப்பாயைப் பிரித்தார். கட்டைத் துப்பாக்கியில் போனைக் கட்டச் சொன்னார். நான் கட்டினேன். கை அசைவைச் சுவரில் இருந்த பெரிய டிவியில் சிவப்புப் புள்ளியாகத் தெரியும்படி செய்தோம்.

"நீங்களே பிடிங்க மேடம். எப்படி ஆடுதுன்னு பாருங்க."

அந்த அம்மாள் பிடித்தார். புள்ளி லேசாக மிதந்தது, தண்ணீரில் கிடக்கிற இலை மாதிரி. அவ்வளவுதான். ஆடவில்லை.

"நீங்க எங்கயோ கத்துக்கிட்டிருக்கீங்க" என்றார் சார், சிரித்துக்கொண்டே.

"சத்தியமா இல்லைங்க. தொட்டதே இல்லை."

சார் அதை வாங்கி மில்லுக்காரரிடம் கொடுத்தார். அதே மிதப்பு. கணக்குப் பார்க்கும் அக்கா, "அய்யோ, எனக்கு வேண்டாம்" என்று பின்வாங்கினார். சார் விடவில்லை. அக்கா வளையல் சத்தம் கேட்கத் தூக்கிப் பிடித்தார். புள்ளி நின்றது. என்னிடம் வந்தது. நான் வேண்டுமென்றே கையை ஆட்டலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். அதற்குள் எல்லோரும் பார்த்துவிட்டார்கள், என் புள்ளியும் சும்மாதான் நின்றுகொண்டிருந்தது.

"கொண்டா" என்று வாங்கினார் சார்.

புள்ளி கிடந்து துடித்தது. டிவியின் ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கம் ஓடியது. கீழே பல் டாக்டரின் மெஷின் சத்தம் மட்டும் கேட்டது.

"போன்ல ஏதோ கோளாறு. மாத்துமா" என்றார். மாற்றினேன். மறுபடி பிடித்தார். மறுபடியும் அதேதான். அவர் டிவியைப் பார்க்கவில்லை. முதல் தடவையாகத் தன் கையைப் பார்த்தார். எத்தனையோ பேரிடம் 'நெசத்துல அப்படி இல்லை' என்று சொன்னவர், தலையைச் சாய்த்துத் தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் கட்டையைப் பாயின் மேல் மெதுவாக வைத்தார்.

சென்னை அம்மாள் நல்லவர். எழுந்து, "நான் கீழே போய் ஒரு போன் பேசிட்டு வரேன்" என்று வெளியே போனார். அக்கா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். மில்லுக்காரர் என்னைப் பார்த்தார், நான் தரையைப் பார்த்தேன்.

சார் என் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "குறைச்சிடும்மா" என்றார்.

"எவ்வளவு சார்?"

"அந்த அம்மா கை எப்படி இருந்துச்சோ, அப்படி. அதுதான் நெசம்."

இத்தனை நாள் எந்தச் சண்டை முடிந்தால் போதும் என்று இருந்தேனோ அது முடிந்துவிட்டது. நான் ஆட்டத்தின் அளவைக் குறிக்கிற எண்ணை மாற்றினேன். அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்சம் கழித்து அவராகவே பேசினார். "எங்க வீட்டுல எங்க அப்பாவுக்கும் அரை டம்ளர்தாம்மா, பெரியப்பாவுக்கும் அரை டம்ளர்தான். அண்ணன் வந்தாலும் அம்மா அரை அரையாத்தான் ஊத்துவாங்க. வீடுன்னா அப்படித்தான், வயசானா ஆம்பளைங்க கை அப்படித்தான்னு நெனச்சிட்டேன்."

"டீ சொல்லட்டுமா சார்?" என்றுதான் கேட்க முடிந்தது.

விளையாட்டு வெளியே வந்தது. நன்றாகவே ஓடியது. மில்லுக்காரர் அப்பா முன்னால் நிமிர்ந்து நடக்கிறார். எனக்கு வேலை இருக்கிறது. கடைசியில் சாருக்குத் தெரியாமல் நாயுருவியையும் சேர்த்துவிட்டோம், எதிரிமேல் புள்ளி தானாகப் போய் ஒட்டிக்கொள்கிற அந்த வேலையை. டாக்டர் சாரிடம், உயிருக்கு ஒன்றும் இல்லை, பரம்பரையாக வருகிற நடுக்கம், மெல்ல மெல்லக் கூடும் என்று சொல்லியிருக்கிறார். மில்லுக்காரர் வேலையை விட்டுப் போகச் சொல்லவில்லை. சார்தான், "மவுஸ் பிடிச்சா அது ஊர் சுத்துதும்மா" என்று சிரித்துவிட்டு வேலையிலிருந்து நின்றுகொண்டார்.

போன மாதம் ஸ்ரீரங்கத்துக்குப் போனேன். அம்மா மண்டபம் ரோட்டுப் பக்கம் ஒரு அடுக்கு மாடியில் வீடு. அவர் மனைவி ரயில்வேயில் வேலை பார்க்கிறார். அன்று லீவு போலிருக்கிறது, அவரே வந்து கதவைத் திறந்தார். "வாம்மா, உள்ள வா. உங்க சார் சண்டைக்குப் போயிருக்கார்" என்றார்.

உள்ளே சார் மேஜையில் ஒரு தாங்கியில் போனை நிறுத்தி வைத்துக்கொண்டு எங்கள் விளையாட்டை ஆடிக்கொண்டிருந்தார். விரல் எங்கெங்கோ போய் விழுந்தது. ஆனால் புள்ளி சமர்த்தாக எதிரிமேல் போய் ஒட்டியது. செட்டிங்கில் நாயுருவியை முழு அளவுக்கு ஏற்றி வைத்திருந்தார். நான் பார்த்துவிட்டேன் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

"ஒட்டுதே சார்" என்றேன்.

"ஒட்டட்டும்மா. நெசத்துல ஒரு ஸ்பூன் வாய்க்குப் போக மாட்டேங்குது. இங்கயாவது போய் ஒட்டட்டுமே" என்றார்.

அவர் மனைவி டீ கொண்டுவந்தார். எனக்கு முழு டம்ளர். அவருக்கு மூடி போட்ட கப்பில் ஒரு உறிஞ்சுகுழல். கொஞ்ச நேரம் மில்லுக்காரரைப் பற்றியும் பாலத்து நெரிசலைப் பற்றியும் பேசினோம். கிளம்பும்போது, "என் கையை அழிச்சிட்டியாம்மா?" என்று கேட்டார்.

அழிக்கவில்லை. விளையாட்டிலிருந்து எடுத்தேனே தவிர, அந்தப் பழைய பதிவு என் போனிலேயே கிடந்தது. எடுத்து அவர் முன்னால் வைத்து ஓடவிட்டேன். வெள்ளைத் திரையில் சிவப்புப் புள்ளி. பிரியாணிக்கு வந்த பெண் சாமி வந்த மாதிரி என்று சொன்னாளே, சென்னை அம்மாள் உடம்பு முடியலையா என்று கேட்டாரே, அதே ஆட்டம்.

சார் தலையைச் சாய்த்துப் பார்த்தார். மேஜையின் மேல் இருந்த அவருடைய இரண்டு கைகளும் தடதடவென்று ஆடிக்கொண்டிருந்தன. டீக் கப்பும் சேர்ந்து சத்தம் போட்டது.

"அடேயப்பா" என்றார். "நெசத்துல இவ்வளவு ஸ்டெடியாவா பிடிச்சேன்?"

"ஆமா சார்" என்றேன்.

"இன்னொரு தடவை போடும்மா."

போட்டேன்.